கன்னகண்டம்

“டீச்சர், நாளைக்கு உங்களுக்கு எத்தனை மணிக்கு வலிக்கும்?”

போனில் வந்த குரலில் அத்தனை பணிவு. யாரோ புது வீட்டில் பால் காய்ச்சப் போகிறார்களாம். சண்முகக்கனி டீச்சர் போனை வலது கன்னத்தில் படாமல் பிடித்துக்கொண்டு, “பத்தரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்” என்றாள்.

“அப்படியா! ரொம்ப சந்தோஷம் டீச்சர். அப்ப நாங்க ஒம்போது மணிக்கே காய்ச்சிடுறோம். நல்லா இருங்க.”

ஒருத்தி எப்போது துடிப்பாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குச் சந்தோஷமும் பட்டு, போகிற போக்கில் நல்லா இருங்க என்று வாழ்த்தவும் செய்கிற ஊர் சிவகாசியை விட்டால் வேறு கிடையாது. முப்பது வருஷம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவளுக்கு வந்த கேட்டைப் பாருங்கள்.

வலி என்றால் சாதாரண வலி இல்லை. முகத்து நரம்பு வலி. காற்று பட்டால், பல் தேய்த்தால், சோறு மென்றால், ஏன், சிரித்தால்கூட வலது கன்னத்துக்குள் கரண்ட் அடிக்கும். அடித்தால் வாய் பாதியில் அப்படியே நின்றுவிடும். உள்ளே போன கவளம் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடக்கும். ஆரம்பத்தில் பல்வலி என்று நினைத்து, மேல் வரிசையில் மூன்று கடவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். மூன்றும் சொத்தை என்றால் என்னவென்றே தெரியாத பல். வலி மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பல் டாக்டர் நாலாவது பல்லை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்ததும் டீச்சர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

அப்புறம் மாத்திரை. மாத்திரை வலியைக் கொஞ்சம் குறைத்தது, மூளையை நிறையக் குறைத்தது. வகுப்பில் ஓம் விதியை நியூட்டன் தலையில் கட்டினாள். வீட்டுக்காரரைத் தலைமையாசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இதற்குமேல் தாங்காது என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போனாள்.

அப்போது மதுரை பஸ்கள் டிரைவர் இல்லாமலே ஓட ஆரம்பித்துவிட்டன. ஆனாலும் காலையில் முதல் டிரிப்புக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் ஒரு பஸ்ஸும் நகராது. டிரைவரை எடுத்தவர்களால் எலுமிச்சம்பழத்தை எடுக்க முடியவில்லை.

மதுரையில் நரம்பு டாக்டர் நிலோஃபர் சின்ன வயசு. மேஜைமேல் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தாள். உள்ளே கடுகு மாதிரி ஏதோ ஒன்று கிடந்தது.

“இதைக் காதுக்குப் பின்னாடி உள்ள வைப்போம் டீச்சர். இது வலியை நிறுத்தாது. வரப்போகுதுன்னு மட்டும் சொல்லும்.”

“வரப்போகுதுன்னு எனக்கே தெரியுமேம்மா.”

“எப்ப வரும்னு தெரியாதில்ல? உங்க நரம்பு திடீர்னு கோபப்படல. முந்தின நாளே முணுமுணுக்க ஆரம்பிச்சிடுது. அதை இது ஒட்டுக்கேக்கும். நாளைக்கு எந்தெந்த நேரம் மோசம்னு உங்க போன்ல சிவப்பாக் காட்டும்.”

“எங்க மாமியாரும் முந்தின நாளே முணுமுணுப்பாங்க” என்றாள் டீச்சர். “சரி, கேட்டு என்ன செய்ய?”

“ரெண்டு வருஷம் கேட்டா உங்க நரம்போட பாஷை அதுக்கு அத்துப்படி ஆயிடும். அதுக்குள்ள, வாயை மூடுன்னு அந்த பாஷையில சொல்றதுக்கு நாங்க வழி கண்டுபிடிச்சிருப்போம்.”

“கண்டுபிடிக்கலைன்னா?”

“மன்னிப்பு கேப்போம்.”

டீச்சருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. கடுகை வைத்துக்கொண்டாள்.

கடுகு பொய் சொல்லவில்லை. சிவப்பு என்றால் சிவப்புதான். அந்த நேரத்தில் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பேசாமல் படுத்துக்கொள்வாள். மற்ற நேரத்தில் பல் தேய்த்தாள், அப்பளம் தின்றாள், பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த திட்டையெல்லாம் வீட்டுக்காரர் தவமணிக்குத் தவணை முறையில் கொடுத்தாள். மனுஷன் ஆனந்தமாக வாங்கிக்கொண்டார். வலி போகவில்லைதான். ஆனால் எப்போது வரும் என்று பயந்து பயந்து சாகிற பாடு போயிற்று. வலியில் பாதி அதுதான் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது அவள் கொழுந்தன் ராஜாமணி புது அச்சு மெஷின் வாங்கினான். தினசரிக் காலண்டர் அச்சடிப்பவன். பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்தான். குத்துவிளக்கு ஏற்ற வேண்டியவள் மூத்தவளான மதினி.

“அந்த நேரம் எனக்குச் சிவப்பு தம்பி. விளக்கு ஏத்துறப்ப நான் கத்தினா உன் மெஷின் பயந்துரும். மத்தியானம் வச்சுக்கோ.”

ராஜாமணி முனகிக்கொண்டே தள்ளிவைத்தான். எதிர் வரிசை அச்சகக்காரர் அதே கம்பெனி மெஷினைப் பஞ்சாங்கம் சொன்ன நேரத்திலேயே ஓட்டினார். அன்றைக்கே மோட்டார் புகைந்துவிட்டது. ராஜாமணியின் மெஷின் ஜம்மென்று ஓடியது. அவ்வளவுதான் நடந்தது. எதிர் வரிசைக்காரர் கரண்ட் இணைப்பைத் தப்பாகக் கொடுத்திருந்தார் என்பதை டீச்சர் படம் போட்டு விளக்கினாள். கேட்பதற்கு ஆள் இல்லை.

அடுத்த வருஷக் காலண்டரில் ராகு, எமகண்டம், குளிகை என்ற வரிசைக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் வந்தது. கன்னகண்டம். கட்டத்துக்குள் கறுப்புப் புள்ளிச் சதுரம். போனைக் காட்டினால் அன்றைக்கு டீச்சருக்கு எப்போது வலிக்கும் என்று வந்துவிடும். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தவமணிதான் அவள் போனிலிருந்து தம்பிக்கு இணைப்பு கொடுத்திருந்தார். “தம்பி கேட்டான், குடுத்தேன்” என்றார், சர்க்கரை கேட்டதுபோல.

டீச்சர் அச்சகத்துக்கே போனாள். “ஏம்ப்பா, என் நரம்புக்கும் ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“ராகுவுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் மதினி? எங்கப்பா காலத்துலேர்ந்து போட்டுக்கிட்டுதானே இருக்கோம்? அது பழசு. உங்களுது லைவ்.”

இதற்கு இயற்பியலில் பதில் இல்லை.

ஊர் பிடித்துக்கொண்டது. சிவப்பில் யாரும் கடை திறப்பதில்லை, பெண் பார்ப்பதில்லை, பத்திரம் பதிவதில்லை. சிவப்பில்லாத நேரத்தில் செய்த காரியம் கெட்டுப்போனால், “டீச்சருக்கு லேசா சுருக்குன்னு இருந்திருக்கும், பெருந்தன்மையா சொல்லியிருக்க மாட்டாங்க” என்று முடித்துக்கொண்டார்கள். கடைத்தெருவில் அவள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யக் கையை முகத்துக்குக் கொண்டுபோனால் மாப்பிள்ளை அழைப்புக் கார் ரிவர்ஸ் எடுத்தது. மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அத்தனை பேரில் ஒருவர்கூட, ரொம்ப வலிக்குதா டீச்சர் என்று கேட்டதில்லை. எப்போது என்றுதான் கேட்டார்கள்.

இந்த லட்சணத்தில் நிலோஃபரிடமிருந்து போன் வந்தது.

“டீச்சர், மன்னிப்பு கேக்க வேண்டியதில்ல. வழி கிடைச்சிருச்சு. கத்தி கிடையாது. கடுகுக்குப் புதுப் பாடம் ஏத்திவிடுவோம், அது நரம்பைப் பேசவிடாது. அடுத்த வாரம் வாங்க.”

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். முதல் காரியமாக வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள். அதுதான் அவள் செய்த பிசகு.

ராஜாமணியின் முகம் தொங்கிவிட்டது. “ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் மட்டும் முடியட்டும் மதினி. ஊரே உங்களை நம்பிக்கிட்டு இருக்கு.”

“என் வலியை நம்பிக்கிட்டு இருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதானே மதினி.”

தவமணி செருப்பைத் தேடினார். வாசலில் நின்று, “உன் இஷ்டம் கனி. ஆனா சுடர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ” என்றார்.

சுடர்மதி ஒரே மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கம்ப்யூட்டரில் ஏதோ பெரிய படிப்பு. ஆனாலும் நேரம் குறித்து ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துக்கொள்வது என்று அவளும் மாப்பிள்ளை ஜெயபிரபுவும் முடிவு செய்திருந்தார்கள். அம்மாவின் சிவப்பு படாத நேரமாகப் பார்த்து.

“எனக்கு இதுல பெருசா நம்பிக்கை இல்லம்மா” என்றாள் சுடர். “ஆனா பிள்ளை விஷயம். மனசு கேக்க மாட்டேங்குது. ஒரு மாசந்தானே? இத்தனை வருஷம் பொறுத்துட்ட.”

கன்னத்தில் அடித்த எந்த கரண்டும் டீச்சரை இப்படி அடித்ததில்லை. தன் வலி மகளுக்கும் ஒரு கடிகாரம்தானா என்று இருந்தது. “சரி” என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பங்கரையில் நின்றாள். பொறுத்துக்கொள்வாளா? அவள் என்ன சிலையா?

அடுத்த வாரம், பட்டுப்புடவை எடுக்க என்று சொல்லி மதுரைக்குத் தனியாகப் போனாள். காரியம் ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் முடிந்தது. நிலோஃபர் ஐஸ் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு வலது கன்னத்தில் வைத்தாள். டீச்சர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். ஜில்லென்று இருப்பது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

திரும்பும் வழியில் விருதுநகரில் ஒரு பொட்டலம் சாத்தூர் காராச்சேவு வாங்கி, பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒளிந்து உட்கார்ந்து, மூன்று பல் இல்லாத அதே பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி மென்றாள். ஊர் வருவதற்குள் பொட்டலம் காலி.

வீட்டுக்கு வந்து சொல்லிவிடத்தான் நினைத்தாள். வாசலில் சுடர் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். “புடவை எங்கம்மா?” என்றாள். “நல்லதா ஒண்ணும் கிடைக்கல” என்று வாய் தானாகச் சொன்னது. ஒரு மாசந்தானே, பிரசவம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் மறுநாளைக்குச் சிவப்பு வேண்டுமே? போனில் துளி சிவப்பு இல்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு, “ஆப் மாறிப்போச்சு தம்பி. இனிமே நானே அனுப்புறேன்” என்று ராஜாமணிக்குச் செய்தி போட்டாள். குத்துமதிப்பாக ஒரு நேரத்தையும் அனுப்பினாள். ஊர் அதற்கும் அடங்கி உட்கார்ந்தது.

முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு ருசி கண்டது. மேலத் தெருவில் பெண் வீட்டாரிடம் கார் கேட்டு அடம்பிடிக்கும் சம்பந்தி பேச்சுவார்த்தைக்கு வருகிற நேரமெல்லாம் டீச்சருக்கு வலித்தது. மூன்றாவது தடவை கலைந்ததும் அவர்கள் காரை விட்டுவிட்டார்கள். கட்சிக்காரர்கள் மைக் கட்டும் நேரம் வலித்தது. சாயங்காலம் ஒயின் ஷாப் களைகட்டும் நேரம் வாரக் கணக்கில் விடாமல் வலித்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு தூக்கு நிறையப் பாயசம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “நல்லா வலிக்கட்டும் டீச்சர்” என்று சொல்லாத குறையாகப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திச் சொல்லியும் நடக்காதது இங்கே ஒரு கன்னத்தால் நடந்தது. ஆயுசெல்லாம் எதைக் கேலி செய்தோமோ அதையே இப்போது உட்கார்ந்து சமைக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தாள். பிடித்திருந்தது.

ராஜாமணிக்கு வேறு ஆசை வந்தது. மதினிக்குப் பாராட்டு விழா. மண்டபம், மாலை, பொன்னாடை, நாலு பேர் பேச்சு. டீச்சருக்கு நினைத்தாலே குமட்டியது. விழாவைக் கெடுக்க ஒரே வழிதான். அன்றைக்குக் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் மூன்று மணிவரை ஒரே நீளச் சிவப்பாக இழுத்துவிட்டாள். இவ்வளவு பெரிய சிவப்பை ஊர் பார்த்ததே இல்லை. கடைகள் பாதி திறக்கவில்லை. விழா சாயங்காலத்துக்குப் போயிற்று. டீச்சர் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு முறுக்கு தின்றாள்.

அன்றைக்கென்று பார்த்துச் சுடருக்குப் பன்னிரண்டு மணி வாக்கில் பனிக்குடம் உடைந்தது. குறித்த நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பிரசவ அறையில் குழந்தையின் இதயத் துடிப்பைச் சத்தமாகச் சொல்லும் மெஷின் இருந்தது. டடக் டடக் என்று ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று தயங்கியது. ஒவ்வொரு வலிக்கும் இன்னும் தயங்கியது. லேடி டாக்டர் திரையைப் பார்த்தவர் கையுறையைக் கழற்றினார். “காத்திருக்க முடியாது. உடனே ஆபரேஷன். கையெழுத்து போடுங்க.”

சுடரின் முகம் வெளுத்தது. “மணி என்ன டாக்டர்?”

“ஒன்றரை.”

“மூணு மணிக்கு மேல பண்ண முடியாதா? அம்மாவுக்கு... இன்னைக்கு பூரா சிவப்பு.”

“இங்க பாரும்மா, உங்கம்மா கன்னத்தை நான் பார்க்கல. உன் பிள்ளை நெஞ்சைப் பார்க்கிறேன்” என்றார் டாக்டர். “காலையிலேர்ந்து ஒரு பேஷண்ட் வரலையேன்னு பார்த்தேன். இதுதானா சங்கதி?”

ஜெயபிரபு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சுடரைப் பார்த்தான். சுடர் தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். “இவ்வளவு பெரிய சிவப்பு வந்ததே இல்ல டாக்டர். கொஞ்ச நேரம். ப்ளீஸ்.”

மெஷின் இன்னொரு தடவை தயங்கியது. சுவரோரம் நின்ற டீச்சர் கட்டிலருகே வந்தாள். அந்தச் சிவப்பு அவள் இழுத்த சிவப்பு. ஒரு பொன்னாடைக்குப் பயந்து, சோபாவில் சாய்ந்துகொண்டு, ஒற்றை விரலால் இழுத்த சிவப்பு.

“சுடர், எனக்கு வலிக்கலடி” என்றாள். “சிவப்பே கிடையாது. மூணு வாரமா கிடையாது. மதுரையில போய்ச் சரிபண்ணிட்டு வந்துட்டேன். நேரமெல்லாம் நானா அனுப்பினது.”

“எனக்காகப் பொய் சொல்லாதம்மா.”

“இல்லடி, பொய் சொல்லலைன்னுதான் சொல்றேன்.”

“நீ எத்தனை தடவை வலியோட சிரிச்சிருக்க? எனக்குத் தெரியாதா?”

டீச்சர் கன்னத்தை முந்தானையால் பரபரவென்று தேய்த்துக் காட்டினாள். குழாயைத் திறந்து தண்ணீரை அடித்துக்கொண்டாள். பளாரென்று தன்னையே ஒரு அறை விட்டுக்கொண்டாள். நர்ஸ் இரண்டடி பின்வாங்கினாள். சுடர் இன்னும் கத்தினாள். “பல்லைக் கடிச்சிக்கிட்டு செய்றா. யாராவது நிறுத்துங்க!”

பொறுத்துப் பழகியவள் வார்த்தைக்கு இதுதான் மதிப்பு. வலிக்கிறது என்று சொன்னபோது பல் டாக்டர் பல்லைப் பிடுங்கினார், வலிக்கவில்லை என்று சொன்னால் பெற்ற மகள் நம்பவில்லை.

கதவோரம் ராஜாமணி நின்றான். ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் சும்மா வருவானா, கையில் ஒரு பை நிறையத் தின்பண்டம். டீச்சர் போய்ப் பையைப் பிடுங்கினாள். காராச்சேவுப் பொட்டலம் மேலாகவே இருந்தது. ஒரு கை அள்ளி வாயில் போட்டு, வலது பக்கம் ஒதுக்கி, மகளின் முகத்துக்கு நேராகக் குனிந்து மெல்ல ஆரம்பித்தாள்.

நறுக். நறுக். நறுக்.

அறையில் அதைத் தவிர மெஷின் சத்தம்தான். சுடர் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவின் தாடையையே பார்த்தாள். நடிக்க முடியாத இடம் அது ஒன்றுதான் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இப்போது நின்றுவிடும், இப்போது வாய் அப்படியே நின்றுவிடும் என்று பார்த்தாள். நிற்கவில்லை. டீச்சர் விழுங்கினாள். இன்னொரு கை அள்ளினாள். கண்ணில் காரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

“போடுங்க கையெழுத்து” என்றாள் சுடர்.

டாக்டர் ஏற்கனவே கட்டிலைத் தள்ள ஆரம்பித்திருந்தார்.

பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் டீச்சரின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்காமல் போய்விட்டார். டீச்சர் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தவமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பயந்து பயந்து, பல வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அவள் வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். “நெசமாவா கனி?” என்றார். அவள் தலையை ஆட்டினாள். அவர் கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் சுடர் கண் விழித்தாள். அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“என்னை ஏமாத்திட்ட.”

“ஆமா. நீ என்னை இன்னும் ஒரு மாசம் வலிச்சிக்கிட்டு இருன்னு சொன்ன.”

சுடர் பக்கத்தில் துணிச்சுருளாகக் கிடந்ததைக் கண்ணால் காட்டினாள். டீச்சர் குனிந்து குழந்தையைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். குழந்தை கையை வீசியது. அந்தச் சின்ன முஷ்டி சரியாக வலது கன்னத்தில் வந்து இடித்தது.

டீச்சர் பழைய பழக்கத்தில் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தை மறுபடி இடித்தது. அப்போதுதான், மூன்று பல் போனபோது அழாதவள், வேலையை விட்டபோது அழாதவள், தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். சுடரும் சேர்ந்துகொண்டாள்.

கதவு மெல்லத் திறந்தது. ராஜாமணி தலையை நீட்டினான். அவனுக்குப் பின்னால் தாழ்வாரம் நிறையக் கூட்டம், விழாவுக்கென்று மண்டபத்தில் கூடிவிட்டு அப்படியே இங்கே வந்தவர்கள். ஒருவர் கையில் மாலை, ஒருவர் கையில் பொன்னாடை. டீச்சரின் நனைந்த முகத்தை எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நாலைந்து பேர் போனை எடுத்து மணி பார்த்தார்கள்.

“மதினி,” என்றான் ராஜாமணி, ரொம்பப் பணிவாக. “ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இது நல்ல அழுகையா, கெட்ட அழுகையா? வெளியில எல்லாரும் கேக்குறாங்க.”